பெயரில்லாத தூண்டில்கள்

ஒரு தூண்டிலைக் கட்டுவதற்கு இரண்டு மணித்தியாலம் செலவிடுகிற மனிதனை நீங்கள் கண்டதுண்டா? கட்டி முடித்தபின் அதைத் தண்ணீரிலே போடாமல், கண்ணாடி மூடியிட்ட பெட்டிக்குள் பத்திரமாக வைக்கிறவனை? நான் கண்டேன். அவன் வேறு யாருமல்லன். என் தங்கையின் மகன்தான்.

நோர்வேயிலே பிறந்து வளர்ந்த பிள்ளை. வயது இருபது. கடந்த ஆவணியில் ஒரு மாத விடுமுறைக்கு வந்தவன், வேலணையிலுள்ள எங்கள் பழைய வீட்டு விறாந்தையில் மேசையொன்றை இழுத்துப் போட்டான். கம்மாலையில் நாம் காணும் வைஸின் குட்டி வடிவம் போன்ற ஒரு கருவியை அதன் விளிம்பிலே பூட்டினான். அதன் வாயில் ஒரு தூண்டில் முள்ளைச் செருகினான். பிறகு பட்டுநூல், வெள்ளி இழை, கத்தரித்த ஆட்டுமயிர், பல நிறத்து இறகுகள் என ஒவ்வொன்றாக எடுத்து அந்த முள்ளின்மேல் வைத்துக் கட்டலானான். வெளியே சோளகம் புழுதியை வாரியிறைத்துக் கொண்டிருந்தது. ஓர் இறகு பறந்துவிடாதிருக்க இடது கையால் மறைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி அவன் வேலை செய்த அழகைப் பார்த்தபோது, பொன் வேலை செய்யும் பத்தரின் ஞாபகம் வந்தது.

ஆங்கிலம் பேசுவோர் இதனை 'ஈ கட்டுதல்' என்பர். ஈ, தும்பி, புழு, சிறுமீன் ஆகியவற்றின் சாயலை இறகாலும் நூலாலும் முள்ளின்மேல் உண்டாக்கி மீனை ஏமாற்றும் வித்தை அது. நமது வசதிக்காக இறகுத் தூண்டில் என்று வைத்துக்கொள்வோம். புதிய விளையாட்டன்று. கி.பி. 200ஆம் ஆண்டளவில் வாழ்ந்த ஏலியன் என்ற உரோம எழுத்தாளர், மக்கெடோனிய ஆறொன்றிலே மக்கள் சிவப்பு ஆட்டுமயிரையும் சேவல் இறகையும் முள்ளிலே கட்டி மீன்பிடித்ததை எழுதிவைத்திருக்கிறார். 1496இல் வெஸ்ட்மின்ஸ்ரரில் அச்சான தூண்டில் மீன்பிடி நூலொன்று, எந்த மாதத்தில் எந்த ஈயைக் கட்டவேண்டும் என்று 12 வகைகளை விபரிக்கிறது. அந்நூலை ஆக்கியவர் ஒரு பெண் துறவி என்பது மரபு. 19ஆம் நூற்றாண்டில் இது பிரபுக்களின் கலையாயிற்று. எமது நாட்டின் நுவரெலியாவுக்கும் அந்நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரத் தோட்டத்துரைமார் ட்ரவுட் மீன்குஞ்சுகளைக் கொண்டுவந்து மலைநாட்டு ஓடைகளில் விட்டனர். இந்த இறகுத் தூண்டில்களும் அவர்களோடு வந்தன. இன்று இது உலகெங்கும் பல்லாயிரம்பேரின் பொழுதுபோக்கு. போட்டிகள் நடக்கின்றன. 'இன்ன மூன்று பொருள்களை மட்டும் கொண்டு ஒரு தூண்டில் கட்டிக் காட்டு' என்று ஒருவருக்கொருவர் சவால் விடுகிறார்கள். மருமகன் எங்கள் விறாந்தையில் கட்டிக்கொண்டிருந்ததும் அப்படியொரு சவாலுக்குத்தான்.

அவனுடைய பெட்டியில் இருந்த தூண்டில்களில் ஒன்று என் கண்ணைப் பறித்தது. மஞ்சளும் கறுப்புமான பட்டுடல். அதன்மேல் வெள்ளி இழைச் சுற்று. பல நிற இறகுகள் சேர்ந்த சிறகு. இரு பக்கமும் கண்போலப் பளபளக்கும் இரண்டு சிறு இறகுகள். 'ஜொக் ஸ்கொட்' என்று அதற்குப் பெயராம். பக்கவாட்டில் இருந்த அந்தக் கண் இறகுகள் எந்தப் பறவையுடையவை என்று கேட்டேன். நண்பர்களே, அது சாம்பல் காட்டுக்கோழி. தென்னிந்தியக் காடுகளிலே, மேற்குத் தொடர்ச்சி மலையிலே கூவித் திரிகிற நமது அயல்வீட்டுக் கோழி! அதன் கழுத்திறகிலே மெழுகு சொட்டியதுபோல் ஒரு பொட்டு உண்டு. அந்தப் பொட்டுக்காக ஒரு காலத்தில் அதன் கழுத்துத் தோல்கள் கட்டுக்கட்டாக இங்கிலாந்துக்குக் கப்பலேறின. 1902இல் பிரித்தானிய இந்திய அரசே பறவை இறகு ஏற்றுமதியைத் தடை செய்யவேண்டியதாயிற்று. இப்போது வெளிநாடுகளில் வளர்க்கப்படும் கோழிகளிலிருந்தே அந்த இறகைப் பெறுகிறார்களாம்.

அழகின்மேல் கொண்ட பித்து எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வேறோர் உதாரணமும் உண்டு. 2009ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இங்கிலாந்தின் ட்ரிங் நகரிலுள்ள இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தின் யன்னலை உடைத்து, 299 பறவைகளின் பாடஞ்செய்த தோல்களை ஓர் இளைஞன் திருடினான். இலண்டனில் புல்லாங்குழல் பயின்ற மாணவன் அவன். அத்தோல்களிற் சில, டார்வினின் சமகாலத்தவரான அல்பிரட் ரஸல் வொலஸ் சேகரித்தவை. எதற்காகத் திருடினான்? பழைய காலத்து இறகுத் தூண்டில்களை அசலான இறகாலே கட்டவேண்டும் என்ற ஆசைக்காரருக்கு விற்பதற்காக. அவர்களிற் பெரும்பாலானோர் அத்தூண்டிலை ஒருபோதும் தண்ணீரில் போடுவதில்லை என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

இவ்வளவும் கேட்டபின் எனக்கு ஒரு விபரீத ஆசை பிறந்தது. மருமகனையும் அவனுடைய பெட்டியையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஊர்காவற்றுறைக் கடற்கரைக்குப் போனேன். அங்கே எனக்குச் சிறுவயதிலிருந்து தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார். எண்பதை எட்டப்போகிறவர். கடலுக்குப் போவதை நிறுத்திச் சில ஆண்டுகளாகிவிட்டன. ஆயினும் காலையில் வள்ளங்கள் வருகிற நேரத்தில் கரையில் இருக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

பெரியவர் அந்த ஜொக் ஸ்கொட்டை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"உது என்ன மீனுக்குத் தம்பி?"

"சல்மன் எண்டு ஒரு மீன் ஐயா. கடலிலை இருந்து ஆத்துக்கு முட்டை போட வரேக்கை பிடிக்கிறது."

"அது உதைத் தின்னுமோ?"

"இல்லை ஐயா. ஆத்துக்கு வந்தாப்பிறகு அது ஒண்டும் தின்னாது. கோவத்திலை கடிக்கும் எண்டு சொல்லுறவை."

பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பசியில்லாத மீனுக்கு இவ்வளவு சோடினையோ! எங்கடை மீனுக்குப் பசி. வெள்ளையா ஒண்டு ஓடினாக் காணும்."

சொல்லிவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. பக்கத்து வளவிலே மேய்ந்த சேவலின் வெள்ளையிறகு இரண்டை நிலத்திலிருந்து பொறுக்குவித்தார். கிழிந்த உரப்பையிலிருந்து சில இழைகளை உருவினார். தங்கூசியின் ஒரு நுனியைக் காற்பெருவிரலிலே கொழுவி இழுத்துப் பிடித்துக்கொண்டு, முள்ளின் கழுத்திலே இறகை வைத்து, இழையைச் சுற்றி, ஒரு முடிச்சை உள்ளே செலுத்தி இறுக்கினார். மூன்று நிமிடமும் ஆகவில்லை. கண் மங்கிய மனிதர். முடிச்சைப் பார்க்கவே இல்லை. விரல் பார்த்தது.

மருமகன் கேள்விமேல் கேள்வி கேட்டான். அவர் பதில் சொல்லச் சொல்ல அவன் முகம் மாறியதை நான் கவனித்தேன். இறகின் வளைவு வெளிப்பக்கமாக இருந்தால் இழுக்கும்போது ஒடுங்கும், நிறுத்தும்போது விரியும். அந்த ஒடுக்கமும் விரிவுமே மீனுக்கு உயிரின் அசைவாகத் தெரியும் என்றார். வால் முள்ளின் வளைவைத் தாண்டி நெடுக நீண்டால், மீன் வாலைமட்டும் கௌவிப் பிய்த்துக்கொண்டு போய்விடும் என்றார். வெளிச்சத் தண்ணீருக்கு வெள்ளை, கலங்கல் தண்ணீருக்குக் கறுப்பு என்றார். கட்டாவுக்குக் கட்டுவதும் சீலாவுக்குக் கட்டுவதும் ஒன்றல்ல. சீலாவின் பல் தங்கூசியை அறுத்துவிடுமாகையால் முள்ளுக்குமேல் ஒரு சாண் கம்பி வேண்டும் என்றார். "மாமா, உதெல்லாம் எங்கடை புத்தகங்களிலை அப்பிடியே இருக்கு" என்று மருமகன் என் காதுக்குள் சொன்னான்.

பின்பு அவன் ஒரு கேள்வி கேட்டான். அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

"ஐயா, இதுக்கு என்ன பேர்?"

"பேரோ?" பெரியவருக்குக் கேள்வி விளங்கவில்லை. "தூண்டில்தான்."

அன்று மாலை வீடு திரும்புகையில் ஜொக் ஸ்கொட் என்பது யார் என்று மருமகனிடம் விசாரித்தேன். ஏதோ ஒரு பிரபுவின் பெயராக இருக்கும் என்றே நினைத்திருந்தேன். இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜோன் ஸ்கொட் பிரபு என்பவரிடம் வேலைபார்த்த மீன்பிடி உதவியாளன் அவன். எசமானோடு நோர்வேக்குக் கப்பலிலே போகையில் பொழுதுபோகாமல் அவன் கட்டிய தூண்டில் அது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. பிரபுவின் பெயர் மறைந்துபோக, வேலைக்காரனின் பெயர் நின்றுவிட்டது! 1895இல் வெளிவந்த ஜோர்ஜ் கெல்சனின் இறகுத் தூண்டில் நூல் அதனை வானளாவப் புகழ்கிறதாம். அமெரிக்காவிலோ லெப்ரி கிரே என்ற மீனவர் உருவாக்கிய கடல் தூண்டிலொன்றுக்கு 1991இல் அரசு அஞ்சல்தலையே வெளியிட்டிருக்கிறது.

ஊர்காவற்றுறைப் பெரியவரின் தூண்டிலுக்கு மட்டும் ஏன் பெயரில்லை?

அறிவு குறைந்தது என்பதாலா? அல்ல. அவருடைய அறிவும் அந்தப் புத்தகங்களின் அறிவும் ஒன்றே என்பதற்கு என் மருமகன் சாட்சி. எழுதுவதற்கு ஆளில்லை என்பதாலா? அதுவும் அல்ல. இத்தீவகம் எழுத்துக்குப் பஞ்சமான மண்ணன்று. உலகெங்கும் சென்று தமிழின் பெருமையைச் சொன்ன தனிநாயகம் அடிகள் 1913இல் பிறந்த கரம்பன், அந்தக் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். பண்டிதர்களும் ஆசிரியர்களும் பத்திரிகையாளரும் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். கோயில்களுக்கு ஊஞ்சற்பாட்டும் பெரியவர்களுக்குச் சரமகவியும் எழுதிக் குவித்தார்கள். நெய்தல் திணையைப் பரீட்சைக்காக மனனம் செய்தார்கள். நானும் பல்கலைக்கழகத்தில் தமிழை ஒரு பாடமாகக் கற்றவன். பரதவர் வாழ்வைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் விடை எழுதிப் புள்ளி வாங்கியவன். ஆனால் அரை மைல் தொலைவிலே வாழ்ந்த பரதவனிடம் போய் 'உன் முடிச்சை எனக்குக் காட்டு' என்று கேட்க எமக்கு மனம் வரவில்லை. காரணத்தை மூடி மறைப்பானேன்? சாதி.

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். இதே மனிதர், அப்போது முப்பதுகளில் இருந்தவர், வாடியில் இருந்து தூண்டில் கட்டுவதைப் பார்ப்பதற்காகப் பாடசாலை விட்டதும் ஓடிவிடுவேன். ஒருநாள் எனக்கும் ஒரு முள்ளும் நூலும் தந்து பழக்கினார். நானே கட்டிய முதலாவது தூண்டிலைப் பெருமையோடு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் தகப்பனார் ஆசிரியர், நல்ல மனிதர், ஊருக்குப் பல உதவிகள் செய்தவர். அதை வாங்கிக் கிணற்றடிக்கு அப்பால் எறிந்தார். "உது உன்ர கைக்குரிய வேலையில்லை" என்றார். அடிக்கவில்லை. அடித்திருந்தாலும் மறந்திருப்பேன். அந்த வாடிப் பக்கம் பிறகு நான் போகவில்லை. அதைவிட வெட்கமான ஒன்றையும் சொல்லவேண்டும். என்னைவிட இருபது வயது மூத்த அந்த மனிதரை எங்கள் வீட்டிலே எல்லோரும் பெயர் சொல்லி, ஒருமையிலேயே அழைத்தோம். நோர்வேயிலிருந்து வந்த பிள்ளை, தட்டுத்தடுமாறும் தமிழிலே அவரை 'ஐயா' என்றழைத்தபோது, அந்தச் சொல் என் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

இதிலே இன்னொரு வேடிக்கையும் உண்டு. எண்பதுகளில் நோர்வேக்குப் போன எம்மவர்கள் பலருக்கு முதலிற் கிடைத்த வேலை எங்கே? வடகோடியிலுள்ள பின்மார்க் பிரதேசத்து மீன் பதனிடும் தொழிற்சாலைகளிலே! ஊரில் மீன்வாடை தம்மேல் படக்கூடாது என்றிருந்த குடும்பங்களின் பிள்ளைகள், உறைபனிக் குளிரிலே நாள் முழுதும் மீன் வெட்டினார்கள். என் தங்கையின் கணவரும் அவர்களில் ஒருவர். அந்தச் சம்பளத்திலேதான் எங்கள் வீட்டு ஓடு மாற்றப்பட்டது. அங்கே மீன் வெட்டியவன் கைக்கு இழிவில்லை. இங்கே மீன் பிடித்தவன் கைக்கு இழிவு. இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கடலுக்கும் நோர்வேக்கும் எங்களுக்கும் உள்ள தொடர்பு அதற்கு முந்தியது. குருநகரிலிருந்து நோர்வேக்குச் சென்ற தமிழர் ஒருவரின் முயற்சியால், அறுபதுகளின் பிற்பகுதியில் காரைநகரில் சீநோர் படகுத் தளம் உருவானதை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பெரியவரின் பழைய தகரப்பெட்டியில் கிடந்த முட்களின் பொதியில் 'மஸ்ராட்' என்றிருந்தது. அது நோர்வேயிலே 1877இல் தூண்டில் முள் செய்யத் தொடங்கிய கம்பனி என்று மருமகன் துள்ளிக் குதித்தான். அவனுடைய ஜொக் ஸ்கொட்டும் அதே கம்பனி முள்ளில்தான் கட்டப்பட்டிருந்தது. ஒரே முள், ஒரே சேவல் இறகு, ஒரே முடிச்சு. ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் பெயரோடு இருக்கிறது. மற்றது தகரப்பெட்டிக்குள் பெயரில்லாமல் துருப்பிடிக்கிறது.

'இதனால் என்ன நட்டம்? தூண்டிலை விட்டு வலைக்கும் இயந்திரப் படகுக்கும் மீனவன் மாறியது முன்னேற்றந்தானே' என்று கேட்பீர்கள். மாறியது மீனவனின் விருப்பத்தால் மட்டுமன்று. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்தின் பெரும்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தார்கள். தகப்பனிடமிருந்து மகன் தொழில் பழகவேண்டிய காலத்திலே தகப்பன் ஓர் அகதி முகாமிலும் மகன் வேறொரு நாட்டிலும் இருந்தார்கள். திரும்பி வந்தவர்களுக்கு நெடுங்காலம் பாஸ் நடைமுறையும் நேரக் கட்டுப்பாடும் இருந்தன. போர் 2009இல் முடிந்து கடல் திறந்தபோது, வடகடலிலே தென்னிந்திய இழுவைப் படகுகளின் அட்டகாசம். இரவிலே வந்து எங்கள் மீனவரின் வலைகளை அறுத்துக்கொண்டு, கடலடியையே வாரி வழித்துச் செல்கின்றன. இலங்கைப் பாராளுமன்றம் 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தினாலே தடைசெய்தது. சட்டம் வந்தது, இழுவை நிற்கவில்லை. எங்கள் கரையிலிருந்தே இழுவை செய்பவர்களும் உளர் என்ற உண்மையையும் சொல்லத்தான் வேண்டும்.

இழுவைமடிக்கு முட்டை, குஞ்சு, தாய் என்ற பேதமில்லை. தூண்டிலுக்கு உண்டு. முள்ளின் அளவை மாற்றினால் மீனின் அளவு மாறும். இறகின் நிறத்தை மாற்றினால் மீனின் இனம் மாறும். கடலோடு ஒரு மனிதன் தனித்தனியாகப் பேரம் பேசுகிற தொழில் அது. இவ்வாறு தேர்ந்து பிடிக்கும் அறிவை 'சூழல் நேயம்' என்று இன்று கருத்தரங்குகளில் கொண்டாடுகிறார்கள். அந்த அறிவு எங்களிடம் தகரப்பெட்டிக்குள் கிடக்கிறது.

2022ஆம் ஆண்டு நெருக்கடியையும் எண்ணிப்பாருங்கள். மண்ணெண்ணெய் கிடைக்காமல் வள்ளங்கள் கரையிலே கிடந்தன. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏறியது. அந்நாட்களில் துடுப்பு வலித்துக் கரையோரம் தூண்டில் போடத் தெரிந்த சில முதியவர்களின் வீட்டில் அடுப்பு எரிந்ததை நான் என் கண்ணாலே கண்டேன். இளையவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அவர்களுக்கு அந்த வித்தையைப் பழக்க எவருமில்லை.

ஆகவே நான் ஒரு யோசனையை முன்வைக்கிறேன். சிரிக்கவேண்டாம். தீவகத்திலே ஆண்டுதோறும் ஒரு தூண்டில் கட்டும் போட்டி நடத்துவோம்.

இதற்கு முன்மாதிரி எங்கள் குடாநாட்டிலேயே இருக்கிறது. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். பட்டம் கட்டுவது சிறுவர் விளையாட்டென்று எவரும் அங்கே சொல்வதில்லை. பறவையும் கப்பலும் இன்னும் எத்தனையோ விந்தை உருவங்களும் வானத்திலே ஏறுகின்றன. மாதக்கணக்காக மூங்கிலைச் சீவி, நூலைக் கட்டி, காற்றைக் கணித்து இளைஞர்கள் அதற்காக உழைக்கிறார்கள். அந்த விரல் வித்தை அழியாமலிருப்பதற்குக் காரணம் போட்டியும் பெயருமேயன்றி வேறில்லை. யப்பானிலும் இதுவே நடந்தது. மலையோடைகளில் மீன்பிடித்து விற்றுப் பிழைத்த ஏழைகளின் இறகுத் தூண்டில் முறையான 'தென்காரா' இன்று உலகம் முழுவதும் விரும்பிப் பயிலும் பொழுதுபோக்கு. ககொஷிமாப் பகுதியின் மீனவர்கள் கணவாய் பிடிக்க மரத்திலே இறால் வடிவாகச் செதுக்கிய தூண்டிலின் வழிவந்த பிளாஸ்ரிக் வடிவங்களையே இன்று யாழ்ப்பாணக் கடைகளில் காசு கொடுத்து வாங்குகிறோம். மறுபுறம், பசுபிக் தீவுகளில் சிப்பியோட்டையும் எலும்பையும் இணைத்து, இறகு கட்டி அந்நாட்டு மக்கள் செய்த அற்புதமான சூரைத் தூண்டில்கள் பல ஐரோப்பிய அரும்பொருளகங்களிலே போய் முடங்கிவிட்டன. எமக்கு முன்னால் இரண்டு வழிகளும் இருக்கின்றன.

போட்டிக்கு நான் நினைக்கும் விதிகள் சில. முள்ளையும் தங்கூசியையும் தவிர வேறெதையும் கடையில் வாங்கலாகாது. பனைநார், தும்பு, சிப்பி, ஆட்டுமயிர், உரப்பை இழை என்று அவரவர் தீவிலே கிடைப்பதைக் கொண்டே கட்டவேண்டும். நெடுந்தீவுப் பிள்ளை குதிரைவால் மயிரைத் தேடிக் கண்டெடுத்து வரட்டும். இறகு வீட்டுக் கோழியினுடையதாகவோ தானாக உதிர்ந்ததாகவோ இருக்கவேண்டும். ட்ரிங் நகரத்துப் பித்து எங்களுக்கு வேண்டாம். நடுவர்கள் அதிபர்களோ அதிகாரிகளோ என் போன்ற பேனாக்காரர்களோ அல்லர். கடற்றொழில் செய்து ஓய்ந்த முதியவர்கள் மட்டுமே. அழகுக்குப் பாதிப் புள்ளி; தண்ணீரிலே இழுத்துப் பார்த்து, ஓட்டத்துக்குப் பாதிப் புள்ளி. கடைசி விதியே தலையாயது: ஒவ்வொரு தூண்டிலுக்கும் ஒரு பெயர் இடவேண்டும். அதைக் கட்டப் பழக்கியவர் யார் என்பதையும் எழுதிக் கொடுக்கவேண்டும். இவற்றைப் படமெடுத்து, முதியவர்களின் குரலையும் பதிந்து, 2005 முதல் எமது எழுத்துச் செல்வங்களை மின்னூலகமாகத் திரட்டிவரும் நூலகம் போன்ற முயற்சிகளிடம் கையளிக்கலாம்.

எதிர்ப்புரைகள் வரும் என்பதை அறிவேன். 'வயிற்றுக்காகச் செய்த தொழிலை வசதியுள்ளவர்களின் விளையாட்டாக்குகிறாயே' என்று ஒரு நண்பர் இதைக் கேட்டவுடன் சினந்தார். அவர் சினத்தில் நியாயம் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்து கரையிலே நின்று படமெடுத்துப் போவதற்கான காட்சியாக இது ஆகிவிடக்கூடாது. தூண்டில் போட்டி நடத்திவிட்டோம் என்று சொல்லி, இழுவைப் படகுப் பிரச்சினையில் அரசுகளை நழுவவிடவும் கூடாது. மீனவனுக்கு முதலில் வேண்டியது அறுபடாத வலையும் நியாயமான விலையுமே. ஆனால் நண்பரிடம் நான் கேட்டதை உங்களிடமும் கேட்கிறேன்: ஒருவனின் உழைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு அவனுடைய அறிவுக்குப் பெயர்கூட வைக்காமல் விட்ட சமூகம், அந்த அறிவிடம் பிள்ளைகளை அனுப்பி மாணாக்கராக உட்கார வைப்பது விளையாட்டா, கடன் தீர்ப்பதா? ஆசிரியர் வீட்டுப் பிள்ளை வாடியிலே சப்பணமிட்டிருந்து, கடற்றொழிலாளியின் முன்னே முடிச்சைத் தவறாகப் போட்டுத் திட்டு வாங்கும் நாளைப் பார்க்க எனக்கு ஆசை.

மருமகன் புறப்படுவதற்கு முதல்நாள் நாங்கள் மறுபடியும் ஊர்காவற்றுறைக்குப் போனோம். பெரியவர் கட்டித் தந்த வெள்ளைத் தூண்டிலைத் தன் கண்ணாடிப் பெட்டியில் ஜொக் ஸ்கொட்டுக்குப் பக்கத்திலே வைத்திருந்தான். அதன் கீழே ஒட்டுவதற்கு ஒரு சிறு துண்டுக் கடதாசி. "ஐயா, உங்கடை பேரை எழுதட்டோ?" என்றான்.

பெரியவர் நெடுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ர பேர் வேண்டாம் தம்பி. எனக்கு இதைக் காட்டித் தந்தது என்ர அப்பு. அந்தாளின்ர பேரை எழுது" என்றார். பெயரையும் சொன்னார். அப்பெயரை இங்கே எழுதவில்லை; அது அவர்கள் குடும்பத்துக்கு உரியது. ஆனால் பேர்கன் நகரிலே ஒரு மாணவனின் அறைச் சுவரில், ஊர்காவற்றுறைக் கடற்றொழிலாளி ஒருவரின் பெயர் தமிழெழுத்திலே, அவருடைய தூண்டிலின் கீழே இருக்கிறது. அவர் இறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அவரை எங்கள் வீட்டார் எப்படி அழைத்தார்கள் என்று நான் மருமகனுக்குச் சொல்லவில்லை. சொல்லவேண்டும், அடுத்த முறை வரும்போது சொல்வேன்.

நானும் இப்போது வாரத்துக்கு ஒருமுறை அந்தக் கரைக்குப் போய்வருகிறேன். ஐம்பத்தேழு வயதில் விரல்கள் வளைய மறுக்கின்றன. முதல் மூன்று தூண்டிலும் தண்ணீரில் பட்டதும் அவிழ்ந்துபோயின. "பேனை பிடிச்ச கை ஐயா, கொஞ்ச நாள் எடுக்கும்" என்கிறார் பெரியவர். 'ஐயா' என்னவேண்டாம், 'தம்பி' என்றால் போதும் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். தலையாட்டுகிறார். அடுத்த வாக்கியத்திலே மறுபடியும் 'ஐயா' என்கிறார். நாற்பத்தைந்து ஆண்டுப் பழக்கம். ஒரு முடிச்சைப்போல் இலகுவில் அவிழாது.

தீவகத்து வாசகர்களே, உங்கள் ஊரிலும் இப்படியொரு தகரப்பெட்டி இருக்கும். அடுத்த விடுமுறைக்கு வரும்போது அதைத் திறந்து காட்டும்படி கேளுங்கள். பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்கிறபோது மறவாமல் 'நீங்கள்' என்று கேளுங்கள்.